வேலை வாங்க வசை எதற்கு?

வேலையைத் திருத்திச் சொல்வது மேலதிகாரியின் கடமை. கணக்கில் பிழை வந்தால் அவர் சுட்டிக் காட்ட வேண்டும். ஊழியர் நேரம் தவறி வந்தால் காரணம் கேட்க வேண்டும். பொறுப்பில்லாமல் நடப்பவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இவற்றை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலையில் கண்ட பிழையை விட்டுவிட்டு, வேலை செய்பவனின் தாயையும் தகப்பனையும், ஊரையும் ஜாதியையும் இழுத்துப் பேசுவது எந்த உத்தியோகத்தின் கடமையிலும் சேர்ந்ததல்ல. சம்பளம் கொடுப்பவர் ஒருவனுடைய உழைப்பைத்தான் வாங்குகிறார். அவனுடைய மானத்துக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டதாக நினைக்க அவருக்கு உரிமை கிடையாது.

திருவனந்தபுரத்தில் பிழைக்கும் தமிழர்களுக்கு இது புதிய விஷயமல்ல. சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர், ஆரியசாலையில் கடைக் கணக்கு எழுதுகிறவர், கட்டட வேலையில் சித்தாளாக நிற்கிறவர், ஹோட்டல் அடுப்படியில் வேகிறவர், நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் குமாஸ்தா ஆகிய எல்லோருக்கும் மேலே ஒரு மேஸ்திரியோ, சூபர்வைசரோ, மானேஜரோ உண்டு. அவர்களில் நல்லவர்கள் பலர். நாக்கை அடக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பாண்டி நாட்டிலிருந்து வந்தவர் என்ற பொருளில் ஒரு காலத்தில் வழங்கிய 'பாண்டி' என்ற சொல்லே இங்கு வசைச்சொல்லாகி, எத்தனையோ தமிழர்களின் காதில் விழுந்திருக்கிறது.

வசவைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. ஊரில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் இவர் அனுப்பும் பணத்தை நம்பி இருக்கின்றன. வேலை போனால் அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாது. 'வயிற்றுப் பிழைப்பு, சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்' என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக் கொள்கிறார்கள். அந்தச் சமாதானம் நெடுநாள் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவி மக்கள் மேல் சீறுகிறவர்களும், மதுக்கடைக்குப் போகிறவர்களும், தூக்கம் கெட்டு நோயில் விழுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் திருப்பிப் பேசிவிட்டு வேலையை இழக்கிறவர்களும் உண்டு. வைதவர் மட்டும் அதே நாற்காலியில் இருப்பார்.

அடியாத மாடு

வைகிறவர்களிடம் கேட்டால் 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைச் சொல்வார்கள். மாட்டுக்குச் சொன்னதை மனிதனுக்கு வைத்துக் கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் ஜில்லாக்களிலிருந்து ஆள் பிடித்துச் சென்ற கங்காணி, கடன் கொடுத்தவராகவும் கண்காணிப்பவராகவும் இருந்தார். கடன் தீராதவரையில் தொழிலாளியால் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போக முடியாதவனை எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்ற துணிவு அங்கே பிறந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் அந்த வாழ்க்கையை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் வந்திருக்கிறது. கங்காணி போய்விட்டாலும் கங்காணியின் நாக்கு பல தொழிலிடங்களில் இன்னும் வேலை பார்க்கிறது.

இதற்கு எதிர்ப் பாடமும் இதே மண்ணில் உண்டு. வெள்ளயம்பலம் சந்திப்பில் சிலையாக நிற்கும் அய்யங்காளி, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள வெங்ஙானூரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று 1907-1908-இல் விவசாயத் தொழிலாளர்களை வயலில் இறங்காமல் நிறுத்தினார். கூலி, படிப்பு, மரியாதை மூன்றும் ஒரே கோரிக்கையின் பகுதிகள் என்று எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தலைவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார். கேரளத் தொழிலாளியின் நிமிர்ந்த தலையைப் பார்த்து வியக்கும் தமிழர்கள், அது தானாக நிமிர்ந்ததல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோழிக்கோட்டு விற்பனைப் பெண்கள்

அண்மைக் காலத்துக்கு வருவோம். கேரளத்தின் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பத்து மணி நேரத்துக்கு மேலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் கண்டிப்பு. பக்கத்தில் நிற்பவளிடம் பேசினால் கண்டிப்பு. சில கடைகளில் சம்பளத்தில் பிடித்தமும் உண்டு. பல கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. அதனால் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தி, சிறுநீர்க் கோளாறும் கால் நரம்பு நோயும் வந்து அவதிப்பட்டார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ஏச்சுத்தான்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி என்ற பெண் இதைப் பேச முன்வந்தார். 2009-ஆம் ஆண்டையொட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பு உருவாயிற்று. முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. பிறகு உட்காரும் உரிமை. இவர்களுக்குப் பின்னால் பெரிய கட்சி இல்லை. பண பலமும் இல்லை. பெரிய சங்கங்கள் கவனிக்காத கடைப் பெண்கள் வேலை முடிந்த பிறகு கூடிப் பேசினார்கள். மனுக் கொடுத்தார்கள். தெருவில் இறங்கினார்கள். திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் வேலை இழந்த பெண்கள் 2014-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது.

இவ்வளவு காலம் கழித்து 2018 ஜூலையில் கேரள மந்திரிசபை சட்டத்தைத் திருத்த முடிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. 1960-ஆம் ஆண்டின் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில், ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. பி.பி.சி. நிறுவனம் 2018-இல் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம் பெற்றது. தமிழ்நாடு இதைப் பார்த்து நடந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் இதே உரிமைக்கான மசோதா வந்து நிறைவேறியது. கோழிக்கோட்டுத் தெருவில் சில பெண்கள் பேசியதன் பலன், சென்னை தியாகராய நகரிலும் மதுரையிலும் கடைகளில் நிற்கும் பெண்களுக்குக் கிடைத்தது.

மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள்

மற்றொரு உதாரணம் தமிழர்களுடையதே. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். அப்போது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். 20 சதவிகிதம் போனஸ் கேட்டபோது கம்பெனி 10 சதவிகிதம்தான் தருவோம் என்றது. ஏற்கெனவே இருந்த தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை நம்பாமல், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் பெண்களே திரண்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 20 சதவிகிதம் கிடைத்தது. அதைத் தொடர்ந்த பேச்சுவார்த்தையில் நாள் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது.

இந்தப் பெண்கள் கேட்டது பணம் மட்டுமல்ல. கொழுந்து எடுத்த எடை, ஒழுகும் லயத்து வீடு, மருத்துவ வசதி, மேலிருப்பவர்கள் நடத்தும் விதம் என்று எல்லாம் அந்தச் சாலையில் பேசப்பட்டன. 2017 ஏப்ரலில் கேரள மந்திரி எம்.எம். மணி இவர்களுடைய போராட்டத்தைப் பற்றிப் பேசிய பேச்சு பெண்களை இழிவுபடுத்துகிறது என்று கண்டனம் எழுந்தபோது, அவர்கள் மறுபடியும் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். மந்திரி வருத்தம் தெரிவித்தார். அவருடைய கட்சியே அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. மந்திரியின் நாக்குக்கே கணக்குக் கேட்கத் தேயிலை பறிக்கும் பெண்களால் முடிந்தது. கடைச் சூபர்வைசரின் நாக்குக்குக் கணக்குக் கேட்க முடியாது என்று யாரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை.

சட்டம் எதுவரை துணை வரும்?

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது வீண் நம்பிக்கை ஊட்டக் கூடாது. மேலதிகாரியின் கடுஞ்சொல் ஒவ்வொன்றும் குற்றமாகிவிடாது. செகந்திராபாத்தில் ஒரு மத்திய நிறுவனத்தின் டைரக்டர் தம் கீழ் வேலை செய்யும் ஆசிரியையைக் கடிந்து பேசினார் என்று தொடரப்பட்ட வழக்கை 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. வேலை ஒழுங்கு சம்பந்தமாக மேலதிகாரி கண்டிப்பதை, 'வேண்டுமென்றே செய்த அவமதிப்பு' என்ற குற்றமாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன்னால் இதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, திருப்பி வைதால் வரும் விளைவு. உத்தரப் பிரதேசத்தில் பதினான்கு ஆண்டுகள் மாசில்லாமல் வேலை செய்த ஒரு தொழிலாளி, அதிகாரியிடம் தகாத சொல் பேசியதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தத் தண்டனை அதிகம் என்று கூறி 1982-இல் சுப்ரீம் கோர்ட் அவரைக் காப்பாற்றியது. ஊதிய உயர்வை நிறுத்தினால் போதும் என்றது. ஆனால் 2005-இல் ஒரு மோட்டார் கம்பெனித் தொழிலாளியின் வழக்கில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. மேலதிகாரியை ஆபாசச் சொற்களால் திட்டியதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியது சரி என்றே அதே கோர்ட் சொல்லிவிட்டது. தொழிலாளியின் நாக்கு தவறினால் வேலை போகலாம். மேலதிகாரியின் நாக்கு தவறினால் அதை நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழுகிறது. இது சமமான தராசு அல்ல. இருக்கும் தராசு இதுதான் என்று தெரிந்து நடப்பதே புத்திசாலித்தனம். வசைக்கு வசை பதில் சொல்கிறவர் தம் வழக்கைத் தாமே தோற்கடிக்கிறார்.

சட்டத்தின் பாதுகாப்பு இல்லாமலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அமைதி குலையும்படி தூண்டும் நோக்கத்தோடு அவமதிப்பது (352-ஆவது பிரிவு), பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாசச் சொல் பேசுவது (296), மிரட்டுவது (351) ஆகியவை குற்றங்கள். பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லுக்கு (79) மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரைப் பிறர் பார்வையில் ஜாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை. ஆனால் நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாத இடத்தில் பேசியது இந்தப் பிரிவில் வராது என்று சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. சாட்சியின் அவசியம் இதிலிருந்தே விளங்கும்.

பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பாலியல் வாடை கலந்த பேச்சு அதில் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு கடைகளில் வேலை செய்பவர்களும், வீட்டு வேலை செய்பவர்களும் ஜில்லா அளவில் உள்ள குழுவிடம் போகலாம். 'எங்கள் கடை சிறியது, எங்களுக்குச் சட்டமில்லை' என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வைவதோடு நில்லாமல் சம்பளத்தில் கை வைக்கும் சூபர்வைசர்களும் இருக்கிறார்கள். பழைய 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நினைத்தபோது நினைத்த தொகையை அபராதமாகப் பிடிக்க முடியாது. எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் அபராதம் மூன்று சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அதில் முதலாளி தரப்புக்கும் தொழிலாளர் தரப்புக்கும் சம இடம். முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்புகளால் தொழிலாளர் இழந்தவையும் உண்டு என்று சங்கங்கள் எதிர்க்கின்றன. கேரள அரசும் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறது. அந்த வாதம் ஒரு புறம் நடக்கட்டும். கையில் இருக்கும் விதியைப் பயன்படுத்துவதற்கு அது தடையல்ல.

குமாஸ்தாக்களுக்கு ஒரு வார்த்தை

மத்திய சர்க்கார் அலுவலகங்களில் வேலை செய்யும் குமாஸ்தாக்களுக்கு இருக்கும் ஒரு நல்ல ஆயுதத்தை அவர்களில் பலர் எடுப்பதே இல்லை. 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் அதைப் பின்னர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். உறுதி கேட்பது கீழ் ஊழியரின் கடமை. கொடுப்பது மேலதிகாரியின் கடமை. உத்தியோகக் காரியத்தில் மரியாதைக் குறைவாக நடக்கக் கூடாது என்ற விதியும் அதிலேயே இருக்கிறது. அது அதிகாரிக்கும் சேர்த்துத்தான். காலையில் ஒன்று சொல்லி மாலையில் மாற்றிச் சொல்லி, பழியைக் குமாஸ்தாவின் தலையில் போட்டு வைகிற அதிகாரிக்கு, 'தாங்கள் இன்று கூறியபடி இவ்வாறு செய்திருக்கிறேன், உறுதி செய்ய வேண்டுகிறேன்' என்ற இரண்டு வரிக் குறிப்பு தக்க பதிலாகும். அதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் கோப்பில் நிற்கும்.

மொழி தெரியாது என்ற தயக்கமும் வேண்டாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரிக்குத் தரலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு கூறுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுத வழி செய்தது. மலையாளத்தில் எழுதித் தரும் நண்பர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தமிழிலேயே எழுதலாம். எழுதாமல் இருப்பதுதான் தவறு.

செய்ய வேண்டியவை

வசைக்கு ஆளாகிறவர் முதலில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், சொன்ன சொல் என்ன, யார் யார் கேட்டார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். வசைச்சொல்லை எழுதக் கூச்சமாக இருக்கும். 'கெட்ட வார்த்தை சொன்னார்' என்று எழுதினால் பின்னால் பயன்படாது, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இரண்டாவதாக, பக்கத்தில் இருந்தவரிடம் அன்றே பேச வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கு மறந்திருக்கும், அல்லது மறந்ததாகச் சொல்வார். மூன்றாவதாக, வைதவருக்கு மேலே இருப்பவருக்கு அமைதியான சொற்களில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பல முதலாளிகளுக்குத் தங்கள் சூபர்வைசர் பேசும் பேச்சு தெரியவே தெரியாது. தெரிந்த பிறகும் பேசாமலிருந்தால் பொறுப்பு அவர்களைச் சேரும்.

கோபத்தில் ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். உள்ளே தீராவிட்டால் தொழில் துறையின் உள்ளூர் அலுவலகம் இருக்கிறது. அங்கே தனியாகப் போவதைவிட நான்கு பேர் சேர்ந்து போவது நல்லது. தொழிற்சங்கம் இருந்தால் அதில் சேர வேண்டும். சந்தா கொடுத்துவிட்டு ஒதுங்கி இருக்காமல் கூட்டத்துக்குப் போக வேண்டும். சங்கத் தலைவர் கேட்க மறுத்தால் என்ன செய்வது என்பதை மூணாற்றுப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஒருவர் வசை வாங்கும்போது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பதுதான் வைகிறவரின் பலம். இன்று அவர், நாளை தாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். 'சார், வேலையைப் பற்றிச் சொல்லுங்கள், வீட்டாரைப் பற்றி வேண்டாம்' என்று பக்கத்தில் நிற்பவர் மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னால் பல இடங்களில் பேச்சு அன்றோடு நின்றுவிடும். ஒரு கை தட்டினால் ஓசை வராது.

முதலாளிகளும் சர்க்காரும்

வெளிநாடுகள் இதில் முன்னே போய்விட்டன. தென் கொரியாவில் 2019 ஜூலை முதல், பதவியின் பலத்தைக் கொண்டு கீழ் ஊழியரை மனம் வருந்தச் செய்வதைத் தொழில் சட்டமே தடை செய்திருக்கிறது. புகார் வந்தால் முதலாளி விசாரித்தாக வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழி வாங்கினால் முதலாளிக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு. ஜப்பானும் 2020-இல் பெரிய கம்பெனிகளுக்கும், 2022-இல் சிறிய கம்பெனிகளுக்கும் இத்தகைய கடமையை விதித்தது. சர்வதேசத் தொழில் அமைப்பு 2019-இல் தொழிலிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றிய 190-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. மனத்தைப் புண்படுத்தும் நடத்தையும் அதில் அடங்கும். அதை இந்தியா ஏற்று, அதற்கேற்பச் சட்டம் செய்ய வேண்டும். பாலியல் வசைக்கும் ஜாதி வசைக்கும் சட்டம் இருக்கும் நாட்டில், சாதாரணத் தொழிலாளியை நாள்தோறும் நாயினும் கீழாகப் பேசுவதற்கு நேரான சட்டம் இல்லாதது பெருங்குறை.

முதலாளிகளுக்கும் இதில் லாபமே தவிர நஷ்டமில்லை. வசவுக்குப் பயந்து வேலை செய்கிறவன் பிழையை மறைப்பான். எந்திரத்தில் கோளாறு கண்டால் சொல்ல மாட்டான். கற்றுத் தேர்ந்தவன் ஆறு மாதத்தில் அடுத்த கடைக்குப் போய்விடுவான். ஆள் நிலைக்காத கடையில் சரக்கும் நிலைக்காது என்பது சாலைக் கடைத்தெருவின் பழைய வியாபாரிகளுக்குத் தெரிந்த விஷயம்.

கடைசியாகத் தமிழர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழனை வைகிற மேஸ்திரி பல இடங்களில் தமிழனாகவே இருக்கிறான். நேற்று 'பாண்டி' என்று கேட்டு மனம் நொந்தவர்களில் சிலர், இன்று வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளிகளைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. கேரள சர்க்கார் அவர்களை விருந்தினர் தொழிலாளர் என்று அழைக்கிறது. அவர்களுக்கும் ஊரில் குடும்பம் உண்டு, ஒவ்வொரு மாதமும் பணம் எதிர்பார்க்கும் தாய் உண்டு. தமக்கு மரியாதை கேட்கிறவர் தமக்குக் கீழே இருப்பவருக்கு அதைக் கொடுக்காவிட்டால் அவர் கேட்பது உரிமையாகாது, சலுகையாகிவிடும்.

இருக்கைச் சட்டம் வந்துவிட்ட பிறகும் எல்லாக் கடைகளிலும் நாற்காலி வந்துவிடவில்லை. வந்த இடத்திலும், உட்காரலாமா என்று கண்ணாலேயே அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். சட்டம் புத்தகத்திலிருந்து கடைக்குள் வர வேண்டுமானால் அதைக் கேட்க ஆள் வேண்டும். திருவனந்தபுரத்தில் தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் பல இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் அவை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஜை போட்டு, மனு எழுதத் தெரிந்த இரண்டு பேரையும் ஒரு வக்கீலையும் உட்கார வைக்கலாம். அதற்குப் பெரும் செலவில்லை. வாய் பேசாமல் பொறுத்துக்கொண்டிருக்கும் பல பேருக்கு அங்கே வந்து சொல்லும் தைரியமாவது கிடைக்கும்.